கலைச்சொல்: சாயம் ஏறாமல் தடுக்கும் பூச்சுக்கு ‘மறிபூச்சு’

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் resist எனப்படும் தடுப்புப் பூச்சுக்கு நமது கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் போடுவது என்ற பேச்சில் வந்த ஒரு கேள்வி இது:

> ‘மெழுகுக் காப்பு’ என்றே போட்டுவிடலாமே? பத்திக் செய்கிறவர்களுக்கு உடனே விளங்கும்.

மட்டக்களப்பு ஆசிரியை அவர்கள் கேட்பது நியாயம்தான். பத்திக் என்பதே மெழுகு பூசிச் சாயமிடும் துணிவேலை. ஆனால் நமது பாடக்குறிப்பு ராஜஸ்தானின் மர அச்சு வேலையையும் கண்ணாடி வேலையையும் பற்றியது. அங்குள்ள பக்ரூ என்ற ஊரின் ‘தாபு’ முறையில் மெழுகே கிடையாது. களிமண், சுண்ணாம்பு, பிசின், கோதுமைப் பொடி எல்லாம் சேர்த்துக் குழைத்த சேற்றில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றுகிறார்கள். ஈரம் காயுமுன் மேலே மரத்தூளைத் தூவிவிடுவார்கள். இல்லாவிட்டால் துணியை மடிக்கையில் சேறு மறுபக்கம் ஒட்டிப் பூவெல்லாம் கலங்கிவிடும். நன்றாகக் காய்ந்ததும் துணி அவுரித் தொட்டிக்குள் இறங்கும். பிறகு அலசினால் சேறு கரைந்துபோய், அது மூடியிருந்த இடம் மட்டும் நீலம் ஏறாமல் நிற்கும். குஜராத்தின் கட்ச் பகுதியில் செய்யும் அஜ்ரக் அச்சுத்துணியில் இதே வேலையைச் சுண்ணாம்பும் பிசினும் செய்கின்றன.

‘காப்பு’ என்ற சொல்லும் இடறுகிறது. காப்பு என்றால் நிலைத்திருந்து காக்க வேண்டும். இது வேலை முடிந்ததும் கழுவப்படுவது. போதாததற்கு, அதே குறிப்பில் ஃபிரோசாபாத் கண்ணாடி வளையலும் வருகிறது. எங்கள் பக்கம் அதற்குப் பெயரே காப்புத்தான்!

சென்னை நண்பரின் ‘சாயத்தடை’ துணிக்குப் பொருந்தும், கண்ணாடிக்குப் பொருந்தாது. கண்ணாடியில் மெழுகைப் பூசி, ஊசியால் கோலம் கீறி, ஐதரோபுளோரிக் அமிலம் படவிட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். மெழுகு தடுப்பது அங்கே அமிலத்தை. சாயத்துக்கு அதில் இடமே இல்லை.

ஆகவே ‘மறி’ என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வாய்க்காலை மறிப்பது வயல் பக்கம் எல்லோரும் அறிந்தது. சந்தேகநபரைக் காவலில் வைக்கும் ‘விளக்கமறியல்’ எங்கள் நாளிதழில் நாள்தோறும் வருகிறது. பொதுச்சொல் மறிபூச்சு. பத்திக்குக்கு மறிமெழுகு, பக்ரூவுக்கு மறிசேறு, மணல் வீசிக் கண்ணாடியை மங்கச் செய்யும்போது ஒட்டும் தாளுக்கு மறிதாள். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகவே அமைந்துவிடுவதால் வேண்டியபோது புதியன ஆக்கிக்கொள்ளலாம். மறி என்றால் ஆட்டுக்குட்டி என்று யாராவது நிகண்டோடு வருவார்கள், வரட்டும்.

சாயத்தை இழையில் பிடித்துவைக்கும் படிகாரம் போன்றவற்றுக்கு ‘நிறமூன்றி’ முன்பே புழக்கத்தில் இருக்கிறது. அதில் கைவைக்க வேண்டாம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஆசிரியை அவர்களின் பதிலைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்,
மருதமுனையிலிருந்து