பூட்டு இல்லாத மடக்குக்கத்தி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கிடங்குக்காரன், தென் லண்டன்

மடக்குக்கத்தியின் அலகு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் போதும், இந்த நாட்டில் காரணம் சொல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று நம்பியிருந்தவன் நான். இரண்டே முக்கால் அங்குல அலகு. அடிக்கோல் வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். விற்றவர் ஒட்டியிருந்த அட்டையிலும் பிரிட்டனில் தாராளமாக எடுத்துச் செல்லலாம் என்றே எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலைய வாசலில் உலோகம் கண்டறியும் வளைவை நிறுத்தியிருந்தார்கள். நான் ஒளிக்கவில்லை, மேலங்கிப் பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தக் காவலர் என்னைவிட இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். அலகைத் திறந்தார். டக் என்று ஒரு சத்தம். பிறகு அலகின் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்தினார். மடங்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் மடங்கவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கிடங்கில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் கேட்கிற சத்தம் அது. அது, திறந்த அலகை மடங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு விழுகிற சத்தம் என்றும், பூட்டு இருந்தால் மூன்று அங்குலக் கணக்கு செல்லாது என்றும் அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

வேலைக்காக என்றேன். இன்று வேலையா என்றார். இல்லை, பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்றேன். மூன்று மணி நேரம் நிலையத்தில் உட்காரவைத்து, வழக்குப் போடாமல் எச்சரித்து அனுப்பினார்கள். கத்தி திரும்பி வரவில்லை. வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அட்டைப்பெட்டி பிரித்துப் பிழைக்கிறவனின் பெயர் கத்தி வைத்திருந்தவன் என்று ஏதோ ஒரு ஏட்டில் ஏறிவிட்டதே என்று இன்றும் மனம் ஆறவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இப்போது என்ன கத்தி வைத்திருக்கிறீர்கள்?

செவ்வாய் விளக்கு

எனக்கு நடந்தது மடக்குக்கத்தியால் அல்ல, சமையலறைக் கத்தியால். ராகுகாலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போடப் போகிறேன். கோவிலில் கத்தி கிடைக்காது என்று வீட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்தேன். சுரங்க ரயில் நிலையப் படியில் பையின் பிடி அறுந்தது. ஒன்பது எலுமிச்சம்பழமும் படிப்படியாக உருண்டு ஓடுகின்றன. கீழே நின்ற பெண் காவலர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார். கடைசியாகச் செய்தித்தாள் பொட்டலம். அதைக் கையில் எடுத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. விரல்களால் தாளின் மேலேயே தடவிப் பார்த்தார், பிரிக்காமலே தெரிந்துகொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாமிக்கு விளக்கு, பழத்தை இரண்டாக வெட்டிப் பிழிந்து, தோலை உள்வெளியாகத் திருப்பி, நெய் ஊற்றித் திரி போட வேண்டும் என்று என் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பொறுமையாகக் கேட்டார். விட்டுவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார்: மடக்க முடியாத கத்திக்கு மூன்று அங்குலச் சலுகை கிடையவே கிடையாது, ஒரு அங்குலமாக இருந்தாலும் தக்க காரணம் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து வீட்டிலேயே வெட்டி, பிழிந்து, டப்பாவில் அடுக்கிக்கொண்டு போகிறேன்.

மலையேறி, ஷெஃபீல்ட்

கிடங்குக்காரருக்கு நேர்ந்தது அநியாயம். ஆனால் எல்லாப் பூட்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது ஒப்பினல் 6. பிரெஞ்சுக் கத்தி, மரப் பிடி, அலகு 7 சென்டிமீட்டர். கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால்தான் பூட்டு விழும். ஈடேலில் மலை ஏறிவிட்டு ரயிலில் திரும்பும்போது ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். ரயில்வே காவலர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கேட்டார், கொடுத்தேன். வளையத்தை மெதுவாக ஒரு சுற்றுத் திருப்பினார், மறுபடி பின்னால் திருப்பினார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைப் போல. பிறகு, பையின் அடியில் வையுங்கள், ரயிலில் எடுக்க வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வளையத்தைத் திருப்பாதவரை அது பூட்டில்லாத கத்திதான் என்பது என் கருத்து.

தச்சன், லூட்டன்

மலையேறி தம்பி, உங்களுக்குக் கிடைத்தது அந்தக் காவலரின் தயவு, சட்டம் அல்ல. இதை நம்பி இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் கதை சின்னது. வேலைக்குப் பூட்டுக்கத்திதான் வைத்திருக்கிறேன், அது கருவிப்பெட்டியில் இருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து அப்படியே ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனேன். பெட்டி வேனில், கத்தி இடுப்பில். வாசலில் நின்ற காவலாளி கையால் தடவிப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. வேனில் வைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார், அதோடு போயிற்று.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988 குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. பொது இடத்தில் அலகுள்ள எதையும் தக்க காரணமின்றி வைத்திருப்பது குற்றம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: மடங்குகிற பேனாக்கத்தி, அதன் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மடங்குகிற என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று 1993இல் ஹாரிஸ் என்பவரின் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நேரத்திலும், வேறு எதையும் அழுத்தாமல் திருப்பாமல், மடக்கினால் உடனே மடங்க வேண்டும். 1998இல் டீகன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வளையத்தைத் திருப்பி இறுக்க முடியும் என்றால் அது பூட்டு உள்ள கத்திதான், இன்றைக்கு நீங்கள் திருப்பினீர்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. ஒப்பினலில் 2 முதல் 5 வரையுள்ள எண்களுக்கு வளையமே கிடையாது, 5இல் அலகு 6 சென்டிமீட்டர். ஆப்பிள் நறுக்க அது போதும். அதை வாங்குங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது? பிடியின் முதுகுப் பக்கம் உள்ளே ஒரு எஃகுப் பட்டை, வில் மாதிரி, அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். அதுதான் திறந்த அலகைத் திறந்தபடி நிறுத்துகிறது. அலகின் முதுகைத் தள்ளினால் வில் வளைந்து விட்டுக்கொடுக்க வேண்டும், அலகு மடங்க வேண்டும். ஸ்லிப்ஜாயிண்ட் என்பார்கள். மடக்குவதற்கு எங்கேயாவது பொத்தான், பிடிக்குள் பக்கவாட்டில் நகரும் தகடு, முதுகில் அழுத்தும் இடம், வளையம் என்று எது இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள். சுவிஸ் கத்தி என்றாலே சரி என்றும் நினைக்காதீர்கள். அதைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்திகளில் 84, 91, 93 மில்லிமீட்டர் பிடி உள்ளவை பூட்டில்லாதவை. 111 மில்லிமீட்டர் வரிசையில் பெரிய அலகுக்குப் பூட்டு உண்டு. லெதர்மேன் வேவ் போன்ற பெரிய பல்கருவிகளிலும் வெளி அலகுகள் பூட்டிக்கொள்ளும். ஸ்பைடர்கோ நிறுவனம் இந்த நாட்டுச் சட்டத்துக்காகவே பூட்டில்லாமல் ஒரு பேனாக்கத்தி செய்கிறது, ஒரு கையால் திறக்கலாம், அது சட்டப்படி சரி. ஆனால் பொத்தானை அழுத்தினால் அலகு வில்லோடு பாய்ந்து திறக்கிற வகையை வீட்டில் வைத்திருப்பதே இப்போது குற்றம்.

கிடங்குக்காரரே, மறந்துவிட்டேன் என்பது மட்டும் தக்க காரணமாகாது. வேலை நாளில் வேலைக்குப் போகும் வழியில் என்றால் காரணம், ஞாயிறு மாலையில் அது காரணம் இல்லை. காருக்குள் வைத்திருந்தாலும் கார் தெருவில் நின்றால் பொது இடம்தான். இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம்: ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பாதுகாப்புக்கு என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். இரண்டு அங்குலப் பேனாக்கத்தியும் அந்த ஒரு சொல்லால் 1953 குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி ஆயுதமாகிவிடும். தண்டனை நான்கு ஆண்டுவரை போகலாம். சோதனை போட்டார்கள் என்றால் அதன் பதிவின் நகலைக் கேளுங்கள், மூன்று மாதத்துக்குள் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

பூக்கடை, ஈஸ்ட் ஹாம்

தச்சன் அண்ணா, பூட்டில்லாததை வாங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நான் வாங்கினேன். மல்லிகைப் பெட்டி வந்திருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டை, கல்லைப் போல இறுக்கம். முனையைப் பட்டைக்கு அடியில் செருகி மேல்நோக்கி நெம்பினேன். கத்தி திரும்பி என் சுட்டுவிரல் மேலேயே மடங்கியது. வலி பிறகுதான் வந்தது. முதலில் பார்த்தது வெள்ளைப் பூவின் மேல் விழுந்த சிவப்பு. அந்தப் பெட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று, சாமிக்குப் போகிற பூ. நான்கு தையல். பூட்டு என்பது விரலைக் காப்பாற்றத்தானே இருக்கிறது? கையில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டிருந்தால் இப்படி ஒரு சட்டம் எழுதியிருப்பார்களா? எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைக்குள்ளே இப்போது பெட்டி வெட்டும் பிளேடுதான். அதைக் கல்லாவை விட்டு வெளியே கொண்டு போவதில்லை.

தச்சன், லூட்டன்

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயம். என் பெருவிரலிலும் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது. பூட்டில்லாத இந்த வில்லுக்கத்தியை உங்கள் பக்கமாக இழுத்து மட்டும் வெட்டுங்கள். குத்தவோ நெம்பவோ கூடாது, அலகின் முதுகில் பாரம் விழுந்தால் அது மடங்கத்தான் செய்யும். சில கத்திகளில் அலகு பாதி வழியில், செங்குத்தாக, ஒரு முறை நின்றுவிட்டுத்தான் மடங்கும். அதைத் தேடி வாங்குங்கள், விரலை எடுக்க அந்த ஒரு நொடி கிடைக்கும்.

டோர்ட்முண்ட்

ஜெர்மனியில் இருக்கிறேன், இங்கே கணக்கே வேறு. பூட்டு மட்டும் இருந்தால் குற்றமில்லை, ஒரு கையால் திறக்கவும் முடிந்து பூட்டவும் செய்தால் எடுத்துச் செல்லக் கூடாது. லண்டனில் சரி என்று மைத்துனர் வாங்கித் தந்த பேனாக்கத்தியை இங்கேயும் சரி என்று வைத்திருந்தேன். நீண்டதூர ரயிலில் டிக்கெட் பரிசோதகர் முன் பணப்பையை எடுக்கும்போது அது மடியில் விழுந்தது. அவர் பார்வை டிக்கெட்டில் இல்லை. 2024 அக்டோபரில் சட்டம் மாறியது, அந்த ரயில்களில் கைக்கெட்டும்படி எந்தக் கத்தியும் கூடாது என்று நிதானமாக விளக்கினார். பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார். ஊர் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து விசாரியுங்கள்.

பேரன், ஹரோ

எல்லாரும் புதிதாக வாங்குவதைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னிடம் இருப்பது தாத்தாவின் வில்லுக்கத்தி. யாழ்ப்பாணத்தில் புகையிலைக் கன்றிலிருந்து பாக்கு வரை அதால்தான் வெட்டினார். பிடி மாட்டுக்கொம்பு, அலகின் அடியில் ஷெஃபீல்ட் என்று தேய்ந்துபோன எழுத்து. இந்த நாட்டில் பிறந்து அங்கே போய், அம்மாவின் பெட்டியில் திரும்பி வந்த கத்தி. பூட்டு இல்லை. முதுகை அழுத்தினால் மடங்குகிறது. எடுத்துச் செல்லலாம் என்று சந்தோஷமாக அளந்தேன். மூன்றே அரைக்கால் அங்குலம்.

அந்த அரைக்காலைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முனையைக் கொஞ்சம் அரைத்துக் குறைத்துவிடலாமா? ஹரோ பக்கம் நல்ல சாணைக்காரர் யாராவது உண்டா?

பூக்கடை, ஈஸ்ட் ஹாம்

தம்பி, அதில் கை வைக்காதீர்கள். பையில் கொண்டு திரிய வேறு கத்தி வாங்கிக்கொள்ளலாம். தாத்தா தீட்டித் தீட்டித் தேய்த்த முனை அது.

தச்சன், லூட்டன்

அரைப்பதற்கு முன் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். சட்டம் சொல்வது வெட்டும் விளிம்பை. பிடியை ஒட்டித் தீட்டாத பகுதி கொஞ்சம் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். ஆனால் தெருவில் அளக்கிறவர் அதைக் கழிப்பார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

பேரன், ஹரோ

அளந்தேன் அண்ணா. தீட்டிய பகுதி மட்டும் சரியாக மூன்று அங்குலம், ஒரு மயிரிழை அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. எடுத்துச் செல்லப் போவதில்லை. சாணைக்கும் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன், வந்து பார்த்தால் காணோம். அம்மா முற்றத்துக் கதவோரம் உட்கார்ந்து அதால் பாக்குச் சீவிக்கொண்டிருக்கிறார்.