குழந்தைகளின் இழுப்பு: கேட்ட கேள்வியும் கேட்ட சத்தமும்

"எங்க காலத்துல இவ்வளவு இழுப்பு (மூச்சு விடும்போது நெஞ்சில் வரும் விசில் சத்தம்) இல்லையே" என்று பிள்ளையைச் சிகிச்சைக்குக் கூட்டிவரும் பெற்றோர் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். கணக்கெடுத்தவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். "டாக்டர் ஆஸ்துமா என்று சொன்னாரா?" என்று கேட்டால், அந்தப் பெயரைச் சொல்லவே தயங்கிய காலத்தில் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அதனால்தான் பல நாடுகளில் பிள்ளைகளின் ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் கணக்கெடுக்க 1991இல் தொடங்கிய ஐசாக் (ISAAC) ஆய்வு, "கடந்த 12 மாதங்களில் நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா?" என்று 6-7, 13-14 வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு எல்லா மொழியிலும் சரியான சொல் கிடைக்காததால் பெரிய பிள்ளைகளுக்கு வீடியோவும் போட்டுக் காட்டினார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது, முன்பே அதிகமாக இருந்த நாடுகள் பலவற்றில் ஏற்றம் நின்றிருந்தது. குறைவாக இருந்த பல இடங்களில் கூடியிருந்தது.

* * *

சத்தத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மூக்கில் சளி கரகரப்பதையும் பலர் இழுப்பு என்றே சொல்வார்கள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி, கழுத்துக்குழியும் விலாவும் தெரிய, 30 விநாடி செல்போனில் வீடியோ எடுத்து வரச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விடும்போது விசில் கேட்டால் அது இழுப்பு. மூன்று வயதுக்குள் சளியோடு மட்டும் வந்துபோகும் இழுப்பு, பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இருக்காது. பெற்றோருக்கு ஆஸ்துமாவோ பிள்ளைக்கு எக்சிமாவோ (அரிப்போடு வரும் தோல் அழற்சி) இருந்தால் தொடரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பிள்ளைகளைக் கைவிடாமல் பார்க்க வேண்டும்.

* * *

காரணங்களில் நம்மால் மாற்ற முடிந்ததில் புகைதான் முதலில். 2006இல் ஸ்காட்லாந்து பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை போட்டது. அதற்கு முன் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் கூடிவந்தார்கள். பிறகு ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் குறைந்தார்கள். "பால்கனியில்தான் பிடிக்கிறேன்" என்பவரின் சட்டையோடு புகை உள்ளே வந்துவிடும், இதைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

இழுப்பைத் தூண்டும் இன்னொன்று, மெத்தையிலும் விரிப்பிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி. அதற்கு மெத்தை உறை மட்டும் போட்டால் பெரிய பலன் கிடைப்பதில்லை. விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால்தான் பூச்சி சாகும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இழுப்பு கூடுவதற்குச் சளி பிடிக்க வைக்கும் ரைனோவைரஸ் ஒரு காரணம். விடுமுறையில் தடுப்பு இன்ஹேலரை (இழுப்பு வராமலிருக்கத் தினமும் உறிஞ்சும் மருந்து) நிறுத்திவிடுவது இன்னொன்று. ஒரு இன்ஹேலரில் 120 பஃப் (ஒரு அழுத்தலில் வரும் அளவு), தினமும் நான்கு என்றால் 30 நாளில் தீர வேண்டும். மாதக் கடைசியிலும் மீதியைக் காட்டும் கவுன்டர் 80 காட்டினால் பிள்ளைக்குப் போனது பத்து நாள் மருந்துதான். மருந்தைக் கூட்டுவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள்.