பாட்டுப் பாடும் பஞ்சு யானையை இந்த மழைக்குள் எப்படிக் கழுவிக் காய வைப்பது?

வெள்ளவத்தைக்காரி:
மகளின் பஞ்சு யானையைக் கழுவ வேண்டும். யானையின் பெயர் சுண்டெலி. ஏன் என்று கேட்காதீர்கள், நான்கு வயதுப் பிள்ளை வைத்த பெயர். ஒன்றரை அடி உயரம், சாம்பல் நிற மயிர், கழுத்தில் சிவப்பு ரிப்பன், வயிற்றை அமுக்கினால் பாட்டு. இப்போது பாட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. தும்பிக்கை முழுக்கப் பாணில் பூசும் மாமைற்றும் பால்தேத்தண்ணியும். கிட்டக் கொண்டுபோனால் பூஞ்சண மணம் வேறு.

பிள்ளைக்கு இரவில் இருமலும் கொஞ்சம் இழுப்பும் இருப்பதால், படுக்கையில் உள்ள எல்லாவற்றையும் கழுவச் சொன்னார் டொக்டர். விரிப்பு, தலையணை உறை சரி, இதை என்ன செய்வது? எங்களுடையது கடலைப் பார்த்த நான்காம் மாடி. ஐப்பசி பிறந்ததிலிருந்து பின்னேரமானால் இடியும் மழையும்தான். கீழ்வீட்டு அக்கா ஒரு கரடியை அப்படியே மெஷினில் போட்டு எடுத்து, ஒரு கிழமை பல்கனியில் தொங்கவிட்டும் உள்ளே காயவில்லை. கடைசியில் குப்பைக்குப் போனது. சுண்டெலிக்கும் அந்தக் கதி வந்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

தெஹிவளைத் தம்பி:
அக்கா, கழுவவே வேண்டாம். ஒரு சொப்பிங் பேக்கில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வையுங்கள், தூசிப்பூச்சி செத்துவிடும். மேல் அழுக்கை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
தம்பி சொன்னது பாதிதான் சரி. மைனஸ் 18 பாகையில் 24 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வைத்தால் பூச்சி சாகும். ஆனால் இழுப்பைக் கிளப்புவது பூச்சியின் எச்சமும் செத்த உடலும். அதெல்லாம் பொம்மைக்குள்ளேயேதான் கிடக்கும். பூஞ்சணமும் குளிரில் அடங்கிக் கிடந்துவிட்டு, வெளியே எடுத்ததும் திரும்ப வளரும். 60 பாகைச் சுடுதண்ணீரிலும் பூச்சி சாகும்தான், ஆனால் அந்தச் சூட்டில் பொம்மை மயிர் சுருண்டு முரடாகிவிடலாம். அதனால் முதலில் ஃப்ரீசர், அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவல்.

நான் வீட்டில் உடுப்புத் தைக்கிறேன், பொம்மைத் திருத்தமும் வரும். கொழும்பில் பொம்மையைக் கழுவுவது ஒரு வேலையே இல்லை, காய வைப்பதுதான் வேலை. மேல்துணி ஃபானுக்குக் கீழே சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில் இருக்கிற பஞ்சு நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் பூஞ்சணம் முந்திவிடும். ஆகவே சுண்டெலியைப் பிரியுங்கள். (பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போன நேரம் பார்த்து!)

பயப்பட ஒன்றுமில்லை. இந்தப் பொம்மைகளை உள்பக்கமாகத் தைத்து, புரட்டி, பஞ்சடைத்து, கடைசி வாயை மட்டும் வெளியிலிருந்து கையால் மூடுவார்கள். முதுகிலோ வாலுக்கடியிலோ கால்களுக்கு நடுவிலோ விரலால் தடவிப் பாருங்கள், தையல் கொஞ்சம் ஏறுமாறாகத் தட்டுப்படும். அந்த நூலை மட்டும் சின்னக் கத்தரிக்கோல் நுனியால் வெட்டுங்கள். அதற்கு முன் வயிற்றில் ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) போட்ட வாய் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாட்டுப்பெட்டியை எடுத்து வையுங்கள். உள்ளே பொத்தான் பற்றரி என்றால் பிள்ளையின் கண்ணிலேயே படக் கூடாது. விழுங்கினால் சில மணித்தியாலத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

பஞ்சு மணக்கிறது, கட்டிகட்டியாக இருக்கிறது, கரும்புள்ளி தெரிகிறது என்றால் யோசிக்காமல் எறியுங்கள். மலிவான பொலியெஸ்டர் தலையணை ஒன்றை வாங்கிப் பிரித்தால் புதுப் பஞ்சு கிடைத்துவிடும். இலவம் பஞ்சு வேண்டாம், நனைந்தால் கட்டி தட்டிவிடும்.

தும்பிக்கையில் பால் கறை இருப்பதால் முதலில் பச்சைத் தண்ணீர். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் பட்டால் கறை ஊறிப் பிடித்துக்கொள்ளும். மணத்துக்கு, வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து அரை மணித்தியாலம் ஊற வையுங்கள். பிறகு பேபி ஷாம்பு போட்டு அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். குளோரின் பக்கமே போகாதீர்கள்.

துவாயில் சுருட்டிப் பிழிந்து, காலையிலேயே காய வையுங்கள், மழை பெரும்பாலும் பின்னேரம்தானே. கடல் பக்கப் பல்கனி மட்டும் வேண்டாம். காற்றோடு வருகிற உப்பு துணியில் படிந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். மொட்டை மாடி என்றால் வலைப்பையில் போட்டுக் கட்டுங்கள், எங்கள் ஊர்க் காகங்களைத் தெரியும்தானே, கண்ணைக் கொத்திக்கொண்டு போய்விடும். பாதி ஈரத்தில் மயிரை ஒரு தரம் வாரிவிட்டால் படியாது.

நன்றாகக் காய்ந்த பிறகு, தும்பிக்கை நுனிக்குப் பென்சில் முனையால் பஞ்சைத் தள்ளி அடைத்து, கடைசியாக வயிறு. மூடும்போது நூல் வெளியே தெரியாமல் இருபக்க மடிப்புக்குள்ளும் மாறி மாறி ஊசியை விட்டு இழுங்கள்.

தெஹிவளைத் தம்பி:
எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது அக்கா. முழுதாகக் கழுவினால் உள்ளே காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
கழுவுவதற்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள் தம்பி. திரும்ப அந்த நிறைக்கு வரும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். சின்னப் பொம்மைக்கு மட்டும் இது சரிவரும், ஒன்றரை அடி யானைக்குச் சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தைக்காரி:
வாலுக்கடியில் தையல் அகப்பட்டுவிட்டது! பெட்டிக்குள் இரண்டு சின்ன விரல் பற்றரி, சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அதனால்தான் பாட்டு நின்றதா? பிறகு ரிப்பன், சாயம் போகுமா?

கொட்டாஞ்சேனைத் தையல்காரி:
அந்த வெள்ளை பற்றரிக் கசிவு. கையுறை போட்டுக்கொண்டு பற்றரியை எடுத்துவிட்டு, காதுக் குச்சியில் இரண்டு துளி வினாகிரி தொட்டுத் துடையுங்கள். தகடு அரித்துப் போகவில்லை என்றால் புதுப் பற்றரிக்குப் பாடும். ரிப்பனை வெள்ளைத் துணியில் ஈரமாக வைத்து அமுக்கிப் பாருங்கள். சிவப்பு ஒட்டினால் வெட்டி எடுத்துத் தனியாகக் கழுவுங்கள், அல்லது புறக்கோட்டையில் ஒரு முழம் புதிதாக வாங்குங்கள்.