எலக்ட்ரிக் பிளேனர்: 3 மி.மீ. ஆழம் தேவையா, 1 மி.மீ. போதுமா?

புதுப்பட்டறை:
கையில் பிடித்து ஓட்டும் பிளேனர் வாங்கப் போகிறேன். தரையில் உரசும் கதவை இழைப்பது, அறுத்த பலகையின் ஓரத்தை நேராக்குவது, இவைதான் வேலை. பார்த்த இரண்டு மெஷினுக்கும் அகலம் 82 மி.மீ. ஒன்று ஒரே ஓட்டத்தில் 3 மி.மீ. எடுக்கும், ஆனால் கனம். மற்றது 1 மி.மீ.தான், கைக்கு லேசு. எதை எடுக்கலாம்?

வேகக்கை:
3 மி.மீ. மெஷினையே எடுங்கள். பெரிய மோட்டாரைக் குறைந்த ஆழத்தில் ஓட்டலாம், சின்னதை அதன் அளவுக்கு மேல் ஓட்ட முடியாது. கனமும் நல்லதுதான், மெஷின் மரத்தில் துள்ளாமல் படிந்து போகும்.

நார்வழி:
இதை நான் ஏற்கவில்லை. இவர் சொன்ன வேலைக்கு 3 மி.மீ. எதற்கு? மரத்தின் ரேகை (நார் ஓட்டம்) எதிராக ஓடும் இடத்தில் அந்த ஆழத்தில் ஓட்டினால் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்து வரும். அந்தப் பள்ளம் மறைய இன்னும் எவ்வளவு இழைப்பது? கதவு வேலையில் மெஷினைச் செங்குத்து ஓரத்தில் பிடித்து நிற்க வேண்டும், அங்கே கனம் உதவாது, கைதான் ஆடும்.

கடையில் அடிப்பலகையை, அதாவது மரத்தின் மேல் வழுக்கும் தட்டைப் பாருங்கள். பிளேடுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்கும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, மெஷினைக் கவிழ்த்து, பின் அடிப்பலகையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, டிரம்மை (பிளேடுகள் பொருத்திய உருளையை) கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு பிளேடும் ஸ்கேலை லேசாக உரசிப் போக வேண்டும். பிளேடு மேலே துருத்தினால், முன் அடிப்பலகை மரத்தை விட்டு வெளியேறியதும் மெஷின் இறங்கி, பலகையின் முடிவில் பள்ளம் வெட்டும். இது சரியில்லாத மெஷின் எத்தனை வாட்ஸ் இருந்தும் பயனில்லை.

வேகக்கை:
முடிவில் பள்ளம் விழுவது பாதி கை வேலை. தொடங்கும்போது முன் கைப்பிடியில் அழுத்தம், முடிக்கும்போது பின்னால். இது பழகாதவருக்கு எந்த மெஷினிலும் பள்ளம்தான். அப்புறம், கோணலான சட்டங்களை நாள் முழுக்க இழைப்பவரிடம் 1 மி.மீ. மெஷினைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

நார்வழி:
அழுத்தம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேட்டவர் நாள் முழுக்க சட்டம் இழைப்பவர் இல்லையே.

புதுப்பட்டறை:
பிளேடு எது நல்லது? கதவின் அடியை இழைக்கும்போது ஓரம் உடையாமல் இருக்க என்ன செய்வது?

நார்வழி:
கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) பிளேடு. ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் போடலாம், பெரும்பாலும் உயரம் சரிபார்க்கும் வேலையும் இல்லை. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடைச் சாணை பிடிக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் உட்காராவிட்டால் ஒன்றுதான் வெட்டும், பரப்பு அலை அலையாக வரும்.

கதவின் அடியில் இரண்டு ஓரத்திலும் நெடுக்குச் சட்டத்தின் வெட்டுமுனை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட முனை வரும். மெஷின் வெளியே போகும் பக்கம்தான் உடையும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கி ஓட்டுங்கள். இல்லை, முடிவில் ஒரு கழிவுத் துண்டை கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் உடைவது அந்தத் துண்டுதான். ஆழத்தை அரை மி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள்.

வேகக்கை:
கார்பைடுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், மேலே தடவிப் பார்க்காமல் ஓட்டினால் கார்பைடு முனை சில்லு சில்லாகத் தெறிக்கும். பழைய கதவுக்கு ஹெச்.எஸ்.எஸ்.தான் என் கட்சி.

இன்னொன்று, ஸ்விட்சை விட்டதும் டிரம் உடனே நிற்காது. நிற்கும் முன் மேசையில் வைக்காதீர்கள். பின்பக்கம் தானாக இறங்கும் கால் இருந்தால் பிளேடு மேசையைத் தொடாது, அந்தக் கால் உள்ள மெஷினாகப் பாருங்கள். காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம்.

நார்வழி:
அந்தக் காலை நம்பியும் ஓடும் மெஷினைக் கீழே வைக்க வேண்டாம். புதுப்பட்டறை, முதல் ஓட்டம் உங்கள் கதவில் வேண்டாம். கழிவுப் பலகையில் ஓட்டி, ஓரத்தில் மட்டக்கோல் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.