ஒரு பதிப்பில் திருத்தினால் மற்றதில் பழைய பிழையே வருகிறது, என்ன செய்யலாம்?

இரவு டெஸ்க்:
வணக்கம். தமிழ் நாளிதழ் ஒன்றில் சப்-எடிட்டராக இருக்கிறேன். டாக் எடிஷன் (வெளியூர்களுக்குப் போகும் பதிப்பு) முதலில் போகும், நகரப் பதிப்பு கடைசி. பக்கமெல்லாம் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான். ஒரே செய்தியை ஒவ்வொரு பதிப்பின் பக்கத்திலும் காப்பி-பேஸ்ட் செய்கிறோம். ராத்திரி 11 மணிக்கு நிருபர் வாட்ஸ்அப்பில் "இறந்தவர் வயது 42 இல்லை, 24" என்பார். ஒரு பக்கத்தில் மாற்றுவோம், இன்னொன்றில் பழையதே அச்சாகிவிடும். இணையதளத்தில் வேறு ஏதோ இருக்கும். இன்னொரு தலைவலி: பெயரை ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் சில இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. புது மென்பொருள் வாங்க நிர்வாகம் தயாரில்லை.

லேஅவுட் ஆள்:
காப்பி-பேஸ்ட்டை முதலில் நிறுத்துங்கள். எடிட் மெனுவில் இன்காப்பி, எக்ஸ்போர்ட் என்று இருக்கும். இன்காப்பி என்பது செய்தி திருத்தும் துணை மென்பொருள், அதைத் தனியாக வாங்க வேண்டாம், இன்டிசைனே போதும். செய்தியை சர்வர் ஃபோல்டரில் ஐசிஎம்எல் (இன்காப்பி வகை) கோப்பாகப் போட்டு, எல்லாப் பக்கங்களிலும் அதையே பிளேஸ் செய்யுங்கள், அதாவது இணைப்பாக வையுங்கள். ஒருவர் அதைத் திருத்த எடுத்து செக்-அவுட் செய்திருந்தால் அடுத்தவர் கை வைக்க முடியாது. அவர் திருத்தி முடித்து செக்-இன் செய்ததும் மற்ற பக்கங்களின் லிங்க்ஸ் பேனலில் மஞ்சள் முக்கோணம் வரும், அப்டேட் கொடுத்தால் சரி. ஆனால் திருத்தத்தில் ஒரு வார்த்தை கூடினாலும் கடைசி வரி ஃபிரேமுக்குள் அடங்காமல் ஓவர்செட் ஆகிக் காணாமல் போகலாம். ஃபிரேம் மூலையில் சிவப்புக் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிடிஎஃப் எடுக்கணும்.

இரவு டெஸ்க்:
நன்றி அண்ணே. டாக்கில் ஆறு வரி, நகரத்தில் இரண்டு பத்தி என்று வெட்டிப் போடுகிறோமே, அதற்கு?

லேஅவுட் ஆள்:
அதற்கு இது உதவாது. வெட்டிய செய்தி தனிக் கோப்புதான்.

யூனிகோட் பைத்தியம்:
ரீப்ளேஸ் தப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக்கும் மாற்றிதான். 'கௌதம்' என்பதில் ஔகாரக் குறி ஒரே எழுத்துக்குறி. மாற்றி வழியாக வந்ததில் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் தனித்தனியாக இருக்கும்: 'கெளதம்'. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டு வடிவத்தையும் தேடுங்கள். மொத்தமாக மாற்றும் ஆசை மட்டும் வேண்டாம், அதே கொம்பும் 'ள'வும் சேர்ந்து வரும் 'வெள்ளம்', 'தெளிவு' போன்ற சொற்களும் சேர்ந்து நாசமாகிவிடும். பெயர் பெயராகத்தான் மாற்ற வேண்டும்.

ஓய்வு பெற்ற சீஃப் சப்:
தம்பி, மென்பொருள் பாதிதான். வாட்ஸ்அப்பில் வந்தது தகவல். ஷிப்டில் இருக்கும் சீஃப் சப் (தலைமைத் துணை ஆசிரியர்) ஒப்புக்கொண்ட பிறகுதான் அது திருத்தம். ஒரு நோட்டு போடுங்கள்: நேரம், செய்தியின் பெயர், எந்தெந்தப் பக்கம், பழையது, புதியது. ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றியவர் தன் கட்டத்தில் கையெழுத்துப் போடணும். இணையதள ஆளுக்கும் ஒரு கட்டம். வெட்டிய செய்திக்கும் இதுதான் வழி. கட்டம் காலியாக இருந்தால் அச்சுத் தகடு எடுக்க பிளேட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் முணுமுணுப்பார்கள், விடுங்கள்.

டாக் அச்சேறிப் போயிருந்தால், பிழை வந்த பதிப்பிலேயே மறுநாள் திருத்தம் வர வேண்டும். நகரத்தில் மட்டும் போட்டால் டாக் வாசகருக்கு அது போகவே போகாது. தவறைத் தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்துடன் திருத்த வேண்டும் என்பதுதான் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறி. 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-லேயே வாசகர்களின் புகார்களைக் கவனிக்க 'வாசகர்களின் ஆசிரியர்' என்று ஒருவரை நியமித்தது. நம் பத்திரிகைகள் பலவற்றில் திருத்தம் இன்னும் வரிவிளம்பரத்துக்குப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

இரவு டெஸ்க்:
நோட்டு நாளைக்கே ஆரம்பிக்கிறேன் சார். இ-பேப்பரில் பக்கத்தை மாற்றலாமா?

ஓய்வு பெற்ற சீஃப் சப்:
என்னைக் கேட்டால் கூடாது. அது அச்சானதன் பதிவு. இணையச் செய்தியைத் திருத்தி, எதை எப்போது மாற்றினோம் என்று அடியில் ஒரு வரி போடுங்கள். சோஷியல் மீடியாவில் போன கார்டை மறக்காதீர்கள், 42 அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.