மலரில் அந்த ஒரு வரி

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் ரங்கூனிலிருந்து வணக்கம்.

நம் செட்டியார் சங்க மலருக்காகச் சுற்றுக்கு விட்டிருந்த பர்மா கட்டுரையைப் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு வரிதான் உறுத்துகிறது: "சயா சான் என்ற கொள்ளைக்காரனால் நம்மவர் கொடுத்த கடன் முடங்கியது." வெளியூரில் இருப்பவர்களுக்கு இது கண்ணில் படாமல் போகலாம். எனக்கு அப்படியில்லை. 1987-ல் வந்த 90 சாட் நோட்டில் இருந்தது அந்த மனிதரின் முகம். (ஒன்பது ராசி என்று, அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் நே வின் 45, 90 என்றெல்லாம் நோட்டு அடித்த காலம். சில்லறை கொடுக்கத் தெரியாமல் அப்பா கடையில் திண்டாடுவார்.)

ஷ்வேபோ பக்கம் 1876-ல் பிறந்தவர். 'சயா' என்றால் வாத்தியார். வைத்தியரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் நாட்டு வைத்தியர். ஊர் ஊராகப் போய் வரிக் கொடுமையை விசாரித்தவர். கீழ் பர்மாவில் அப்போது தலைவரி, கல்யாணமானவனுக்கு 5 ரூபாய், ஆகாதவனுக்கு இரண்டரை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ரொக்கமாக வைக்க வேண்டும். 1930-ல் நெல் விலை மடமடவென்று விழுந்தது. டிசம்பரில் கீழ் பர்மாவின் தாராவாடிக்கு வந்த தற்காலிக கவர்னரிடம் வரியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். அவரும் பர்மியர்தான், ஜோசப் மவுங் ஜீ. மறுநாள் 22-ம் தேதி இரவு சயா சான் தலைமையில் கலகம் வெடித்தது.

முதலில் அடி விழுந்தது வரி வசூலித்த கிராமத் தலைவர்கள் மேல். கலகக்காரர்கள் உடம்பில் கலோன் பச்சை குத்திக்கொண்டு போனார்கள். கலோன் என்பது நம்ம கருடன்தான். குண்டு துளைக்காது என்று நம்பி, வாளோடு இயந்திரத் துப்பாக்கி முன்னால் போய் நின்றார்கள். சயா சானை 1931 ஆகஸ்டில் ஷான் மலைப் பக்கம் பிடித்தார்கள். அவருக்காக வாதாடிய பா மோ பின்னாளில் பிரதமரானார். நவம்பர் 28-ல் தாராவாடி சிறையில் தூக்கு.

எங்கள் பாட்டையா (தாத்தா) தாராவாடி ஜில்லாவில் நம்மவர் கடன் கொடுக்கும் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதியவர். அவருடைய பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது, பாதி கரையான் தின்றது போக. பர்மியப் பெயர்களைத் தமிழில் எழுதி, பக்கத்தில் இத்தனை கூடை நெல் என்று போட்டிருக்கிறார். பிரமோதூத வருஷம் மார்கழியோடு, அதாவது கலகம் வெடித்த மாதத்தோடு, ஒரு பக்கம் அப்படியே நின்றுபோகிறது. அதற்கப்புறம் வேறு மையில் ஒரே வரி: "நிலம் வரவு." கடனுக்குப் பதிலாக நிலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நம்மவர் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை, வட்டி ஒழுங்காக வந்தால் போதும் என்றிருந்தவர்கள். அதுவும் உண்மை. ஆனால் கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 ஏக்கர் செட்டியார்களிடம் இருந்தது, 1938-ல் 25 ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷத்தில் நிலத்தை விட்டவன் வீட்டில் நம்மைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மலர்க்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். 'கொள்ளைக்காரன்' என்பதை எடுத்துவிட்டு 'தாராவாடி விவசாயிகள் கலகம்' என்று போடுங்கள். மலர் இங்கேயும் பத்துப் பதினைந்து வீட்டுக்கு வரும், அக்கம்பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த பர்மியர் இருக்கிறார்கள்.

பேரேட்டுப் பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். ஓரத்தில் உள்ள பழைய தமிழ் எண்கள் எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் இருக்கும் யாராவது பெரியப்பாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்லுங்கள்.