ஜி41 மதர்போர்டுக்குப் பழைய 4 ஜிபி ராம் வாங்குவது எப்படி?

கேள்வி:
வணக்கம். இன்டெல் ஜி41 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) கொண்ட என் பழைய கணினியில் இப்போது 2 ஜிபி டிடிஆர்3 ராம் இருக்கிறது. பயன்படுத்திய 4 ஜிபி ராம் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். திரையில் எதுவும் வரவில்லை. அதே ராம் நண்பரின் புதிய கணினியில் நன்றாக இயங்குகிறது. குறை எதில் இருக்கிறது?

மறுமொழி 1:
ராமும் பழுதில்லை, மதர்போர்டும் பழுதில்லை. ஜி41 சிப்செட்டால் 4 கிகாபிட் அடர்த்தியுள்ள (ஒவ்வொன்றும் அரை ஜிபி கொள்ளும்) நினைவகச் சில்லுகளைக் கையாள முடியாது என்பதால், அத்தகைய 8 சில்லுகள் மட்டுமே கொண்ட 4 ஜிபி ராம் அதில் இயங்காது. இரு பக்கமும் எட்டெட்டாக 16 சில்லுகள் உள்ளதையே தேடுங்கள். ராமின் ஒட்டுத்தாளில் 2ஆர்எக்ஸ்8 (2Rx8) என்று அச்சிட்டிருக்கும். வேகம் 1333 என்றிருந்தாலும் கவலை வேண்டாம், அது 1066-க்கு இறங்கி ஓடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. விலை மிகக் குறைவாக இருந்தால் ஒட்டுத்தாளை இன்னொரு முறை பாருங்கள். ஏஎம்டி கணினிகளில் மட்டும் இயங்கும் ராமும், சர்வர்களிலிருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ராமும் (சர்வர்களுக்கென்றே செய்யப்பட்ட வகை) உங்களுக்குப் பயன்படா. மாற்றித் தரும் உறுதியைப் பெற்றுக்கொண்டு வாங்கி, அன்றிரவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என்னிடம் இருப்பதில் 8 சில்லுகளே உள்ளன. நாளை கடையில் 16 சில்லுகள் உள்ளதாக மாற்றித் தரக் கேட்கிறேன்.